கலவையான வரவேற்பு

'ஏழாம் மேசை' தொடரின் நான்காவது சீசன் வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சின்னக்காவின் வீட்டில் டி.வி. முன்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதல் எபிசோட் முடிவதற்குள் வீடு மூன்றாகப் பிரிந்துவிட்டது.

சின்னக்காவின் கணவர் கேஸ் அடுப்பு ரிப்பேர் செய்பவர். அவருக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"ஹோட்டல்னு பேருதான். இதுவரைக்கும் ஒருத்தன் தட்டுலயாவது சாப்பாடு விழுந்துச்சா? ஆளாளுக்கு அந்தக் குளிர் அறைக்குள்ள போய் நின்னு அழறானுங்க. கதவையாவது சாத்துங்கடா, உள்ள இருக்கற காய்கறி கெட்டுப்போகுது!"

அவருடைய தங்கை மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். அவள் தலையணையைக் கட்டிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். "உனக்கு ரசனையே கிடையாதுண்ணே. ஹீரோ சமைக்கலைன்னு யார் சொன்னா? உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டிருக்கான்."

"அவன் வெந்து யாருக்கு என்ன லாபம்? மேசையில உக்காந்திருக்கறவன் பசியோட இருக்கான்ல?"

சின்னக்கா இந்தச் சண்டையில் சேரவில்லை. திரையின் இடது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த அம்மா எங்க?" என்றாள்.

"எந்த அம்மா?" என்று அண்ணனும் தங்கையும் ஒரே குரலில் கேட்டார்கள். அன்று அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

சின்னக்கா ஒரு பெரிய ஆஸ்பத்திரி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவள். ஆள் உயரமும் அகலமுமாக இருப்பாள். ஆனாலும் கேன்டீனில் எல்லோருக்கும் அவள் சின்னக்காதான். வேலை முடிந்து வந்து, வீங்கின காலை எதிர் நாற்காலியில் தூக்கிப் போட்டுக்கொண்டு அவள் பார்த்த ஒரே தொடர் 'ஏழாம் மேசை'. கதாநாயகன் பெரிய சமையல்காரன். கத்துவான், கரண்டியை எறிவான், பிறகு குளிர் அறைக்குள் போய் அழுவான். அதெல்லாம் சின்னக்காவுக்குப் பொருட்டில்லை. அவன் கத்தும்போதெல்லாம் பின்னால், இடது ஓரத்தில், ஒரு அம்மா சிங்க் முன்னால் நின்று தட்டுக் கழுவிக்கொண்டிருப்பாள். அவளுக்கு வசனம் கிடையாது. யாரும் அவளைக் கூப்பிட்டதும் கிடையாது. கை இரண்டும் ஈரமாக இருப்பதால் முழங்கையைத் தூக்கி நெற்றி வேர்வையை ஒற்றிக்கொள்வாள்.

முதல் முறை அதைப் பார்த்தபோது சின்னக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "என்னை மாதிரியே துடைக்கறா பாருங்க!" அன்றிலிருந்து அவளுக்கு 'ஓரத்தம்மா' என்று பேர் வைத்தாள். கதாநாயகன் இப்போது யாரைக் காதலிக்கிறான் என்று கேட்டால் சின்னக்கா முழிப்பாள். ஓரத்தம்மா எந்த சீசனில் கண்ணாடி போட ஆரம்பித்தாள் என்று கேளுங்கள், டக்கென்று சொல்வாள்.

இப்போது அந்த இடத்தில் ஒரு செடித்தொட்டி இருந்தது. அழுக்குத் தட்டுகள் இந்தப் பக்கம் போயின. சுத்தமான தட்டுகள் அந்தப் பக்கம் வந்தன. நடுவில் ஆளே இல்லை.

"செத்துப்போயிட்டாங்களா? வேலையை விட்டு நிறுத்திட்டாங்களா? ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?" சின்னக்காவுக்கு ஏனென்று தெரியாமல் கோபம் வந்தது. தன்னையே யாரோ துடைத்துப் போட்ட மாதிரி இருந்தது.

எபிசோட் முடிவில் திரையில் ஒரு போன் நம்பர் வந்தது. 'உங்கள் கருத்தே எங்கள் உயிர்மூச்சு' என்று எழுதியிருந்தது. சின்னக்கா கூப்பிட்டாள். பிடித்திருந்தால் ஒன்றை அழுத்துங்கள், பிடிக்கவில்லையென்றால் இரண்டை அழுத்துங்கள் என்றது ஒரு குரல். சின்னக்கா எதையும் அழுத்தாமல் காத்திருந்தாள். குரல் மறுபடி கேட்டது, மறுபடி கேட்டது. கடைசியில் சலித்துப்போய் ஒரு மனுஷனை லைனுக்கு அனுப்பியது.

"மேடம், பிடிச்சுதா, பிடிக்கலையா?"

"பாத்திரம் கழுவற அம்மா எங்கன்னு தெரியணும்."

"அது கருத்து இல்ல மேடம், கேள்வி. கேள்வின்னா நீங்க நேர்லதான் வரணும்."

வருவாள் என்று அவர்கள் நினைக்கவில்லை. சின்னக்கா லீவு போட்டுவிட்டுப் போனாள்.

தொலைக்காட்சி நிறுவனத்தின் கட்டடம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே நுழைந்தவுடன் இரண்டு கதவுகள். பச்சைக் கதவில் 'நெகிழ்ந்தோர்' என்றும் சிவப்புக் கதவில் 'கொதித்தோர்' என்றும் பலகை. இரண்டு பக்கமும் நீள வரிசை. சின்னக்கா நடுவில் நின்றாள். ஒரு காவலாளி ஓடி வந்து, "நடுவுல நிக்கக் கூடாதும்மா, ஏசி காத்து வர்ற வழி" என்றார்.

சத்தம் கேட்டு ஒருவர் வந்தார். சட்டைப்பையில் 'கருத்துப் பராமரிப்பு மேலாளர்' என்று அட்டை குத்தியிருந்தது. முகத்தில் யாரோ மாட்டிவிட்டுக் கழற்ற மறந்த மாதிரி ஒரு சிரிப்பு.

"பயப்படாதீங்கம்மா. எந்தக் கதவுல போனாலும் எங்களுக்குச் சம்மதம். இந்த சீசனுக்கு எங்க இலக்கே கலவையான வரவேற்புதான்."

"அப்படின்னா?"

"பிடிச்சவன் ஒரு தடவை பாத்துட்டுப் படுத்துடுவான். பிடிக்காதவன் எங்க பிடிக்காமப் போச்சுன்னு தேடி இன்னொரு தடவை பாப்பான். ரெண்டு பேரும் சண்டை போட்டா, ஜெயிக்கறதுக்காக மறுபடி பாப்பாங்க. நல்லா எடுக்கறதுக்குச் செலவு ஜாஸ்தி. பாதி நல்லா எடுத்தா போதும்னு கண்டுபிடிச்சோம். முதல் நாள் நெகிழ்ந்தவங்க கூடிட்டாங்க. என்ன பண்றது? கொஞ்சம் பேரை வெயில்ல நிக்க வெச்சு, ஆறின காபி குடுத்து, கொதிச்சவங்க பக்கம் அனுப்பினோம்." இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு சிறு பெருமை இருந்தது. "சரி, உங்க கேள்வி என்ன?"

ஓரத்தம்மா என்று தான் வைத்த பேரோடு சேர்த்துச் சின்னக்கா சொன்னாள். அவர் யோசித்தார். கைபேசியில் எதையோ தேடினார்.

"அப்படி ஒரு கேரக்டரே இல்லையேம்மா."

"மூணு சீசனா நின்னாங்க சார்."

"நின்னா கேரக்டர் ஆயிடுமா?"

இருந்தாலும் ஆளை வீட்டுக்கு அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. கேள்வியை உள்ளே எடுத்துப்போய் இரண்டு கூட்டத்திலும் போட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் பச்சைக் கதவுக்குள் அழுகுரல் கிளம்பியது. 'அந்த அம்மா இல்லாமல் போனதுதான் இந்த சீசனின் ஆன்மா' என்று ஒருவர் எழுந்து பேசினாராம். சிவப்புக் கதவுக்குள் நாற்காலி உருண்டது. 'அந்த அம்மாவுக்கு நீதி வேண்டும்' என்று கோஷம். இரண்டு கூட்டத்திலும் ஒருவருக்குக்கூட அந்த அம்மாவின் முகம் ஞாபகமில்லை. அது யாருக்கும் இடைஞ்சலாக இல்லை.

இரண்டு கூட்டத்தையும் ஒரே அரங்கத்தில் உட்கார வைத்து, தொடரின் இயக்குநரை அழைத்து வந்தார்கள். கழுத்தில் கம்பளித் துண்டும் கண்ணில் தூக்கமில்லாத களைப்புமாக வந்தார். மைக்கைப் பிடித்துக் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அதற்கே கை தட்டினார்கள்.

"நான் எழுதியதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நான் எழுதாமல் விட்டதைப் பற்றிக் கேட்க ஒரு தாய் வந்திருக்கிறார். இல்லாமைதான் கலையின் உச்சம். அந்த வெற்றிடத்தை எழுத எனக்கு ஒரு வருடம் பிடித்தது. எத்தனை இரவுகள் அழுதேன் தெரியுமா?"

சின்னக்கா எழுந்து நின்றாள். "அப்போ யோசிச்சுத்தான் அவங்களை எடுத்தீங்களா சார்?"

"யாரை?" என்றார் இயக்குநர்.

முன்வரிசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த ஆய்வுப் பிரிவுப் பெண் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு கையைத் தூக்கினாள். "சார், அது நாங்க எடுத்ததுதான். ஜனங்க கண்ணு எங்க போகுதுன்னு மெஷின் வெச்சுப் பாத்தோம். நீங்க எழுதின பெரிய அழுகை சீன்ல கொஞ்சம் பேர் கண்ணு இடது ஓரத்துக்குப் போயிடுச்சு. ஒரு கறை இருக்குன்னு ரிப்போர்ட் குடுத்தோம். கறை இருந்த இடத்துல செடி வெச்சுட்டாங்க."

"ஆகா, கறை! என்ன ஒரு படிமம்!" என்று பச்சைப் பக்கத்திலிருந்து யாரோ சொன்னார்கள். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

சின்னக்காவுக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. தண்ணீர் குடிக்கலாம் என்று வெளியே வந்து, நடைபாதைக் கடைசியில் கண்ணாடி டம்ளர்கள் உரசும் சத்தம் கேட்ட பக்கம் நடந்தாள். காபி, டீ போடுகிற சின்ன பேன்ட்ரி. ஒரு அம்மா முதுகைக் காட்டியபடி சிங்க் முன்னால் நின்று காபிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கையைத் தண்ணீரிலிருந்து எடுத்து, முழங்கையைத் தூக்கி நெற்றியை ஒற்றினாள்.

சின்னக்கா கிட்டப் போனாள்.

"அம்மா, நீங்கதானா?"

அந்த அம்மா திரும்பினாள். அதே கண்ணாடி. "என்னம்மா, டம்ளர் வேணுமா?"

"நீங்க 'ஏழாம் மேசை'ல நிப்பீங்களே..."

"ஓ, அந்த ஷூட்டிங்கா? பின்னால யாராவது நிக்கணும்னாங்க. நான் இங்க கோப்பை கழுவறவ. சும்மா நில்லுன்னாங்க. சும்மா எப்படி நிக்கறது? தட்டு கிடந்துச்சு, கழுவினேன்."

"நிறுத்தினப்போ என்ன சொன்னாங்க?"

"யாரு சொன்னா? ஒரு நாள் போனேன், சிங்க் இருந்த இடத்துல செடி இருந்துச்சு. திரும்பி வந்துட்டேன்." அவள் கோப்பையைக் கவிழ்த்தாள். "அந்தத் தொடரை நான் பாத்ததே இல்ல. அது போடற நேரத்துல எனக்கு பஸ்."

"நான் உங்களைத்தான்மா பாத்தேன். உங்களை மட்டும்தான் பாத்தேன்."

அந்த அம்மா ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, "என்னையா?" என்றாள்.

அத்தோடு ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்திருக்கலாம். சின்னக்கா அதைச் செய்யவில்லை. அந்த அம்மாவின் கையைப் பிடித்து அரங்கத்துக்கு இழுத்துக்கொண்டு போய், "இதோ நிக்கறாங்க, கறை! நல்லா பாருங்க!" என்று கத்தினாள்.

வெட்கப்படுவார்கள் என்றுதான் நினைத்தாள். அவர்களோ கைபேசியைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். பச்சைப் பக்கம் அழுதது. சிவப்புப் பக்கம் விசிலடித்தது. மேலாளரின் சிரிப்பு முதல் முறையாக உண்மையானது. அவர் மேடைமேல் தாவி ஏறினார்.

"மக்கள் கேட்டார்கள், நாங்கள் செவிசாய்த்தோம்! ஓரத்தம்மா திரும்ப வருகிறார்! அவருக்காகவே ஒரு சிறப்பு எபிசோட்!"

கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. சின்னக்காவும் தட்டினாள். அதை நினைத்துப் பிற்பாடு பல நாள் தன் கையைத் தானே திட்டிக்கொண்டாள்.

அடுத்த மாதம் அந்த அம்மாவை நடிகர் தேர்வுக்கு அழைத்தார்கள். தன்னுடைய வேஷத்துக்குத் தானே தேர்வு எழுதப் போனாள் அவள். 'மக்கள் பிரதிநிதி' என்று ஒரு அட்டையைக் கழுத்தில் மாட்டி சின்னக்காவையும் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். சிங்க், தட்டு, தண்ணீர் எல்லாம் தயார். அந்த அம்மா கழுவினாள். இயக்குநர் கன்னத்தில் கை வைத்துப் பார்த்தார்.

"வலி தெரியலையேம்மா."

"வலிக்கலையே சார்."

"இல்ல, நீங்க சும்மா கழுவறீங்க. வாழ்க்கை முழுக்க நசுங்கின ஒருத்தி கழுவற மாதிரி இல்ல."

"தட்டு சுத்தமாயிடுச்சே சார்?"

இயக்குநர் நெற்றியைத் தடவினார். நடுவர்கள் தலையைச் சேர்த்துக் குசுகுசுத்தார்கள். பிறகு மேலாளர், இழவு வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்களைப் பாத்தா பாத்திரம் கழுவறவங்க மாதிரி தெரியல. ஜனங்க நம்ப மாட்டாங்க."

சின்னக்கா அட்டையைக் கழற்றி மேசைமேல் போட்டாள். "இவங்கதான் சார் அது!"

"அதான் பிரச்சினையே. நிஜமா இருக்கறவங்களை நம்ப வைக்கறது ரொம்பக் கஷ்டம்."

வேஷம் ஒரு பிரபல நடிகைக்குப் போயிற்று. அதற்காக அவர் ஒரு வாரம் நகம் வெட்டாமல் இருந்தாராம். அதையே தியாகம் என்று பேட்டி பேட்டியாகச் சொன்னார். அந்த அம்மாவையும் விட்டுவிடவில்லை. படப்பிடிப்பு நாள்களில் பேன்ட்ரியை விட்டுவிட்டு செட்டுக்கு வரச் சொன்னார்கள். 'உத்வேக ஆலோசகர்' என்று பதவிக்குப் பேர் வைத்தார்கள். வேலை என்னவென்றால், நடிகை கழுவி முடித்த தட்டுகளைக் கழுவுவது.

காரணம் இருந்தது. நடிகை தட்டில் கையை வைப்பார், ஒரு துளிக் கண்ணீர் விழும், 'கட்' என்பார்கள். உதவியாளர்கள் எல்லாத் தட்டிலும் மறுபடி பழுப்புச் சாயத்தைக் குழம்பு மாதிரிப் பூசுவார்கள். மறுபடி கண்ணீர், மறுபடி 'கட்'. சாயம் ஊறிப்போனால் கேமராவில் கறுப்பாகத் தெரியும் என்பதால், செட்டுக்குப் பின்னால், தட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம், இன்னொரு சிங்க் வைத்திருந்தார்கள். அதில் அந்த அம்மா எல்லாவற்றையும் சுத்தமாகத் தேய்த்துக் கொடுப்பாள். அதில் மறுபடி சாயம் பூசுவார்கள்.

சின்னக்காவைக் கடைசி நாள் கூப்பிட்டார்கள். கேமரா முன்னால் நின்று, 'நான் கேட்டேன், எனக்குக் கிடைத்தது' என்று ஒரு வரி சொல்ல வேண்டும். அதுதான் விளம்பரம். அவள் வந்தாள். வரியைச் சொல்வதற்காக வரவில்லை, அந்த அம்மாவைப் பார்க்க வந்தாள். தட்டிச் சுவருக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். யாரும் சாப்பிடாத தட்டுகள் இடுப்பு உயரத்துக்குக் குவிந்திருந்தன. அந்த அம்மாவின் விரல்கள் சாயத்தில் பழுப்பாகி வெடித்திருந்தன. சுவருக்கு முன்னால் நடிகை விசும்புவதும், "அற்புதம், அற்புதம், இன்னும் கொஞ்சம் களைப்பு" என்று இயக்குநர் சொல்வதும் கேட்டன.

மேலாளர் மைக்கோடு அங்கேயே வந்துவிட்டார். "இங்க இருக்கீங்களாம்மா? வாங்க, ஒரே ஒரு வரி."

"எனக்கு என்ன கிடைச்சது சார்?" என்றாள் சின்னக்கா.

"ஓரத்தம்மா!"

"யாரோ ஒரு அம்மா அழற மாதிரி நடிக்கறதுக்கு, இந்த அம்மா இங்க கிடந்து தேய்க்கறாங்க. முன்னாடியாவது ஓரத்துல நிக்க விட்டீங்க. இப்போ சுவருக்குப் பின்னால தள்ளிட்டீங்க. இதைத்தான் நான் கேட்டேனா? கண்ணு எங்க போகுதுன்னு மெஷின் வெச்சுப் பாக்கறீங்களே, உங்க கண்ணை எங்க சார் வெச்சீங்க?"

மேலாளர் இரண்டடி பின்வாங்கினார். பிறகு, கோபப்பட்டவர்கள் எல்லோரிடமும் சொல்கிற வாக்கியத்தைச் சொன்னார்: "ரொம்ப நல்ல கருத்தும்மா. கொதிச்சவங்க பக்கம் சேத்துக்கறேன்."

அப்போதுதான் தண்ணீர் நிற்கும் சத்தம் கேட்டது. அந்த அம்மா குழாயை மூடிவிட்டாள். கையிலிருந்த தட்டை, பாதி தேய்த்ததை, அப்படியே சிங்க்கில் போட்டாள்.

"வா, போலாம்" என்றாள் சின்னக்காவிடம்.

"அம்மா, எங்க கிளம்பறீங்க? அடுத்த டேக் இருக்கு. தட்டு இல்லாம எப்படி எடுக்கறது?"

"உள்ள ஒருத்தங்க கழுவறாங்களே. நல்லா கழுவறாங்கன்னு நீங்கதானே கை தட்டறீங்க? அவங்களையே கழுவச் சொல்லுங்க."

இருவரும் செட்டுக்கு நடுவிலேயே நடந்து வெளியே போனார்கள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. "யாரது ஃப்ரேம்ல?" என்று இயக்குநர் அலறினார். தட்டுகளைப் பற்றி மேலாளர் அவர் காதில் சொல்வதும், அவர் நடிகையைப் பார்ப்பதும், "என் ஒப்பந்தத்துல அது இல்ல" என்று நடிகை சொல்வதும் கதவு சாத்திக்கொள்வதற்கு முன் தெரிந்தன.

தெருவில் இறங்கிய பிறகுதான் சின்னக்காவுக்கு உறைத்தது. "என்னால உங்க வேலை போச்சேம்மா. நான் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா நீங்க பாட்டுக்குக் கோப்பை கழுவிக்கிட்டு இருந்திருப்பீங்க."

"ஆமா, இருந்திருப்பேன்" என்றாள் அந்த அம்மா. சமாதானம் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் நடந்தார்கள். "உங்க கேன்டீன்ல ஆள் எடுக்கறாங்களா?"

"எடுப்பாங்க. நான் ஒருத்தியே அங்க சாகறேன். ஆனா அங்கயும் பாத்திரம்தான்."

"யாராவது சாப்பிட்ட தட்டுதானே?"

"நோயாளிங்க. சில பேர் மிச்சம் வைப்பாங்க."

"அப்போ வரேன்."

பஸ் நிறுத்தத்தில் ஒரு கண்ணாடிச் சட்டத்துக்குள் சிறப்பு எபிசோடின் விளம்பரம் இருந்தது. நடிகையின் முகம் பெரிதாக, கன்னத்தில் அழகாக ஒரு சோப்பு நுரை. கீழே பெரிய எழுத்தில் 'நாங்கள் உன்னை மறக்கவில்லை' என்று இருந்தது. அந்த அம்மா அதைத் தலை சாய்த்துப் பார்த்தாள். பிறகு குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டாள்.

"அய்யோ, கம்பெனி ஏப்ரனோட வந்துட்டேனே."

"திருப்பிக் குடுத்துட்டு வரணுமா?" என்றாள் சின்னக்கா.

அந்த அம்மா முடிச்சை அவிழ்த்தாள். தண்ணீரும் பழுப்புச் சாயமுமாகச் சொட்டிக்கொண்டிருந்த ஏப்ரனைத் தூக்கி, விளம்பரச் சட்டத்தின் மேல் விளிம்பில் மாட்டி, உள்ளங்கையால் தேய்த்துவிட்டாள். ஈரத் துணி கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. நடிகையின் முகம் முழுக்க மறைந்துபோயிற்று. சாயம் ஒழுகிக் கீழே இருந்த எழுத்துகளின்மேல் இறங்கியது.

"குடுத்தாச்சு" என்றாள். பஸ் வந்தது. இருவரும் ஏறிக்கொண்டார்கள்.